கூட்டு டெண்டரில் ஏறாத விலைப்பட்டியல்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வாய்க்கால் பாலத்துக்கு, எப்போதும் எங்களோடு மோதும் பாளையங்கோட்டை ஒப்பந்தக்காரரோடு கூட்டாக டெண்டர் போட்டோம். பால வேலை அனுபவம் அவரிடம். தேவையான ஆண்டு வரவு எங்களிடம். கூட்டு ஒப்பந்தம், முதன்மைப் பங்காளிக்கான அதிகாரப் பத்திரம் எல்லாம் சரி. ஆனால் டெண்டர் தளத்தில் விலைப்பட்டியல் எக்செல் மட்டும் ஏறவே இல்லை.

கணினியில் ஜாவா மென்பொருளை மாற்றினோம். டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி) வேறு கணினியில் செருகினோம். நாட்கள்தான் போயின.

அப்புறம்தான் கோப்பின் பெயரைப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் இருவருக்கும் இடையே போய்வந்ததில் அதன் வாலில் ‘(1)’ ஒட்டியிருந்தது! தளம் தந்த பெயர் கொஞ்சம் மாறினாலும் ஏற்காதாம். முதன்மைப் பங்காளி லாகினில் புதிதாக இறக்கி, பாளையங்கோட்டைக்காரரின் விலைகளை போனில் கேட்டு நிரப்பி, பெயரைத் தொடாமல் சேமித்தோம். உடனே ஏறியது. அப்பாடா!