பஸ் மிஸ் ஆகலாம், பர்ஸ் மிஸ் ஆகாது

என்கிட்ட ஸ்போக்கன் இங்கிலீஷ் படிச்ச ஒருத்தர் வேலைக்காக முதல் தடவையா வெளிநாடு போனார், இறங்குன அன்னைக்கே ஏர்போர்ட்ல பர்ஸைத் தொலைச்சிட்டார். கவுன்ட்டர்ல போய் "ஐ மிஸ்டு மை பர்ஸ்"னு சொல்லியிருக்கார். அங்க இருந்த அம்மா ஒண்ணும் புரியாம பார்த்திருக்காங்க, இவர் இன்னும் கொஞ்சம் சத்தமா அதையே திரும்பச் சொல்லியிருக்கார். கடைசில காலி பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டுன பிறகுதான் "ஓ, யூ லாஸ்ட் இட்!"னு ஃபார்ம் எடுத்துக் குடுத்தாங்களாம்.

கிராமர்ல தப்பே இல்ல. ஆனா இங்கிலீஷ்காரங்க காதுக்கு அது "என் பர்ஸை நெனச்சு ஏங்கிட்டு இருந்தேன்"னுதான் கேட்கும். பொருள் தொலைஞ்சா அது லாஸ்ட், மிஸ்டு இல்ல. அதனாலதான் அந்த மாதிரி கவுன்ட்டர்ல 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'னு போர்டு வச்சிருக்காங்க.

நாம ஏன் எல்லாத்துக்கும் மிஸ் போடுறோம்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். எனக்குப் பட்ட காரணம் நம்ம 'தவறு'ங்கிற சொல்தான். பஸ்ஸைத் தவறவிட்டேன்னு சொல்றோம், பர்ஸைத் தவறவிட்டேன்னும் சொல்றோம், சொல்லத் தவறிட்டேன், தவறாம வந்துடுங்க, கை தவறி விழுந்துடுச்சு, எல்லாமே ஒரே வேர்ல இருந்து வருது. அந்த இடம் எல்லாத்துலயும் நாம மிஸ்ஸைக் கொண்டு போய் வச்சுட்டோம். தமிழ் பேசும்போது "பர்ஸ் மிஸ் ஆயிடுச்சு"ன்னா எல்லாருக்கும் புரியும், அதுல குறையே இல்ல, அது இப்ப தமிழ்ச் சொல் மாதிரிதான். அதை அப்படியே தூக்கி இங்கிலீஷ் வாக்கியத்துல போடும்போதுதான் சிக்கல்.

ஆஃபீஸ் மெயில்ல நான் அதிகமா திருத்துறது "ஐ மிஸ்டு டு அட்டாச் தி ஃபைல்". 'சேர்க்கத் தவறிட்டேன்'ங்கிறதோட நேரடி வடிவம் இது. மிஸ்ஸுக்குப் பின்னாடி 'டு' போட்டு இன்னொரு வினை வராது. "ஐ ஃபர்காட் டு அட்டாச்"னு எழுதுங்க, முடிஞ்சது. கொஞ்சம் முறையா இருக்கணும்னா "ஃபெயில்ட் டு". அதே மாதிரி "டோன்ட் மிஸ் டு கம்" வேண்டாம், "கம் விதவுட் ஃபெயில்" அல்லது "ப்ளீஸ் டூ கம்". மிஸ்ஸுக்கு அப்புறம் வினை வந்தே ஆகணும்னா 'இங்' வடிவம்தான், அதுக்கும் அர்த்தம் வேற: "ஐ மிஸ் ஈட்டிங் அட் ஹோம்"னா வீட்டுச் சாப்பாட்டுக்கு மனசு ஏங்குதுன்னு அர்த்தம், வீட்ல சாப்பிட மறந்துட்டேன்னு இல்ல.

'மிஸ்ஸிங்' வந்தா கதை மாறிடும். "மை பேக் இஸ் மிஸ்ஸிங்" சரிதான், பையைக் காணோம். "மை பேக் இஸ் மிஸ்டு" தப்பு. "மை சன் இஸ் மிஸ்ஸிங்"னா பையனைக் காணோம், போலீஸ்ல சொல்ற வாக்கியம். "ஐ மிஸ் மை சன்"னா அவன் ஹாஸ்டல்ல நல்லா இருக்கான், அம்மாவுக்குத்தான் மனசு கேட்கல. இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா கேட்கிறவங்க பதறிடுவாங்க, தயவுசெஞ்சு இதுல மட்டும் கவனமா இருங்க.

யார் எதை மிஸ் பண்றாங்கங்கிற வரிசையும் முக்கியம். "ஹீ மிஸ்டு தி பஸ்"னா பஸ் போயிடுச்சு. "தி பஸ் மிஸ்டு ஹிம்"னா பஸ் அவர் மேல இடிக்காம போயிடுச்சு, உயிர் தப்பிச்சார். ஃபேக்டரில வேலை பார்க்கிறவங்க 'நியர் மிஸ்' ரிப்போர்ட் எழுதுவாங்க இல்லையா, அது இந்த மிஸ்தான். மேல இருந்து ஸ்பேனர் விழுந்து ஆள் மேல படாம பக்கத்துல விழுந்தா அது நியர் மிஸ், அதாவது அடி படல. அடிபட்டவங்களை நியர் மிஸ்னு எழுதிடாதீங்க. நாம "ஜஸ்ட் மிஸ்ஸு!"ன்னு கத்துற இடத்துல அவங்க "தட் வாஸ் க்ளோஸ்"னு சொல்வாங்க.

டீச்சரைக் கூப்பிடுற மிஸ் முழுக்க வேற சொல், 'மிஸ்ட்ரஸ்'ஸைச் சுருக்கி வந்தது. பிரிட்டன் ஸ்கூல்லயும் கல்யாணமான டீச்சரைப் பிள்ளைங்க மிஸ்னுதான் கூப்பிடுறாங்க. ஆனா ஒரு பெண்ணுக்கு லெட்டர் எழுதும்போது அவங்க கல்யாணம் ஆனவங்களா இல்லையான்னு நாமளே முடிவு பண்ணி மிஸ், மிஸஸ்னு போடக்கூடாது. எம், எஸ் ரெண்டு எழுத்து மட்டும் போட்டு 'மிஸ்'னு கடைசில இஸட் சத்தத்தோட சொல்ற வடிவம் அதுக்குத்தான் இருக்கு. 1901லயே அமெரிக்காவுல ஒரு பத்திரிகை இந்த யோசனையைச் சொல்லிருச்சு, அரசாங்க அச்சகம் ஏத்துக்கிட்டது 1972லதான்.

எதிர்ப்பக்கத் தப்பும் ஒண்ணு இருக்கு, எனக்கு மனசு ரொம்ப வலிக்கிறது அதுலதான். 'ஐ மிஸ் யூ'வை "நான் உன்னைத் தவறவிடுகிறேன்"னு மொழிபெயர்க்கிறாங்க. நம்மகிட்ட இதுக்குச் சொல் இல்லைன்னு நெனச்சுக்கிறாங்க. எங்க வீட்ல என் தங்கச்சி வேலைக்காக வெளியூர் போனப்ப அவ பொண்ணுக்கு ரெண்டு வயசு, சாயங்காலம் ஆனா வாசப்படில போய் உட்கார்ந்துக்கும், செருப்புச் சத்தம் கேட்டா எழுந்திருக்கும். எங்கம்மா போன்ல தங்கச்சிகிட்ட நீளமா எதுவும் சொல்லல, "பாப்பா உன்னைத் தேடுறாடி"ன்னாங்க, அவ்வளவுதான், அவ அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பி வந்துட்டா.