சின்னப் படகுக்கு நங்கூரக் கயிறு எடுப்பது எப்படி

மலேசியாவில் சிலாங்கூரின் பந்திங், கேரித் தீவு தோட்டப் பக்கம் லங்காட் ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பலர் ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிற்றையே நங்கூரத்துக்குக் கட்டுகிறார்கள், தயவுசெய்து அதை விடுங்கள். அது தண்ணீரில் மிதக்கும், பக்கத்துப் படகின் விசிறியில் சிக்கும், வெயில் பட்டுப் பட்டு நார் நாராக உதிரும். நைலான்தான் சரி. அது மூழ்கும், அலை இழுக்கும்போது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால் நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளாது.

15 அடிப் படகுக்கு 8 மில்லிமீட்டர் தடிமன் போதும், ஆனால் நான் 10 தான் சொல்வேன், ஈரக் கையில் மெல்லிய கயிறு அறுக்கும்.

நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிள்ளான் கரையோரம் பெரிய ஏற்றத்தில் நீர் சுமார் 4 மீட்டர் ஏறும். வற்றும்போது ஆழம் 4 மீட்டர், ஏற்றம் இன்னொரு 4, நீருக்கு மேல் படகின் முன்பக்க உயரம் 1 என்றால் மொத்தம் 9; அதைப்போல் குறைந்தது 5 மடங்கு, அதாவது 45 மீட்டர் விட வேண்டும், காற்று அடித்தால் 7 மடங்கு.

அப்புறம், நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் 2, 3 மீட்டர் துத்தநாகம் பூசிய சங்கிலி போடுங்கள், அது நங்கூரத்தைப் படுக்க வைக்கும், சிப்பியில் உரசினாலும் கயிறு தப்பும். கயிற்றின் மறுமுனையைப் படகின் முன்பக்கத்தில் மட்டும் கட்டுங்கள், பின்பக்கம் கட்டினால் வற்றும் நீரின் வேகத்தில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும்.