கத்தரிக்கோலால் ஒரு சித்திரம்

லீவு நாளில் "பொழுது போகேல்லை" என்று பிள்ளைகள் காலைச் சுற்றுகிறார்களா? மத்தீஸின் வழியைக் காட்டிக் கொடுங்கள். 1941இல் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு இந்தப் பிரெஞ்சு ஓவியரால் நெடுநேரம் நின்று தீட்ட முடியவில்லை. உதவியாளர்கள் வர்ணம் பூசிக் கொடுத்த தாள்களை வெட்டி ஒட்டத் தொடங்கினார். 1953இல் செய்த ‘நத்தை’ அப்படி வந்ததுதான்.

கடையில் வர்ணத் தாள் வாங்க வேண்டாம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளே போஸ்டர் கலர் பூசட்டும், ஒரு தாளுக்கு ஒரு நிறம். தூரிகைத் தடம் தெரிந்தால் இன்னும் அழகு. நம்முடைய வெயிலுக்குச் சட்டென்று காய்ந்துவிடும். சுருளாமல் மூலைக்கொரு கல் வையுங்கள்.

அப்புறம் வேலியோரம் ஒரு சுற்று. பூவரசம் இலை இதயம் போல, பப்பாசி இலை விரல் விரித்த கை போல, வடலி ஓலை விசிறி போல. நன்றாகப் பார்த்துவிட்டு வந்து வெட்டட்டும். பென்சில் மட்டும் கொடுக்காதீர்கள்! கோடு போட்டால் பிள்ளை கோட்டைத்தான் பார்க்கும், இலையை மறந்துவிடும். வளைவு வரும் இடத்தில் கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொல்லுங்கள்.

வெட்டி மிஞ்சிய ஓட்டைத் தாளை எறிய வேண்டாம். என் கண்ணுக்குப் பல நேரம் அதுதான் இலையைவிட வடிவு. எல்லாவற்றையும் மட்டையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே பசை. கோதுமை மாப் பசை என்றால் மெல்லிசாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் தாள் ஊறிச் சுருங்கும்.