மேடையில் பேசியவர் தம்மை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேசி முடித்து மேடையை விட்டு இறங்கும்போதே மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. ‘இன்று சரியாக வரவில்லை’ என்றோ, ‘பரவாயில்லை, ஒப்பேற்றிவிட்டோம்’ என்றோ அமையும் அந்தத் தீர்ப்பையே பலர் தம் பலம், பலவீனம் பற்றிய கணக்காக வைத்துக்கொள்கிறார்கள். படபடப்பு அடங்காத அந்த நேரத்தில் நினைவில் மேலெழுந்து நிற்பவை நாக்குக் குழறிய ஓரிடமும் கடைசியில் எழுந்த கைதட்டலும்தான். இடையில் பேசியவற்றில் பெரும்பகுதி மங்கிப் போயிருக்கும். ஆகவே பேசிய அன்று நடந்தவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, எடை போடும் வேலையை மறுநாளுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

இதைவிடப் பரவலான தவறு, தமக்குள் உணர்ந்த நடுக்கத்தை அவையோர் கண்ட நடுக்கமாக எண்ணிக்கொள்வது. உள்ளங்கை வியர்த்ததும் தொண்டை வறண்டதும் பேசுபவருக்குப் பெரிதாகத் தெரியும். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருப்பவர் அவற்றைக் கவனிப்பது அரிது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்னும் இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தம் பதற்றம் வெளியே தெரிந்ததாகப் பேசியவர்கள் கருதிய அளவு, கேட்டவர்கள் கண்ட அளவைவிடக் கூடுதலாக இருந்தது. அதே ஆய்வின் அடுத்த பகுதி இன்னும் சுவையானது: பதற்றம் தாம் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று முன்கூட்டியே விளக்கப்பட்டவர்களின் பேச்சு, பார்த்தவர்களின் மதிப்பீட்டிலும் மேம்பட்டிருந்தது. எனவே ‘பதற்றம்’ என்பதைப் பலவீனப் பட்டியலின் முதல் வரியில் எழுதுவதற்கு முன், அது பேச்சில் எதைக் கெடுத்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேகம் கூடியதா, வாக்கியம் பாதியில் நின்றதா, குறிப்புத் தாளை விட்டுக் கண் எழவே இல்லையா? எதுவும் கெடவில்லையென்றால் அதைக் குறையாக எழுத வேண்டியதில்லை.

நினைவை நம்ப முடியாதென்றால் பதிவைப் பார்க்கலாம். ஆனால் அதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. தம் பேச்சை முதன்முறை பதிவில் கேட்பவர்களில் பலர், ‘என் குரலா இது, இவ்வளவு மெலிதாக இருக்கிறதே’ என்று முகம் சுளித்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் உட்செவியை அடைகிறது. அந்த வழியில் தாழ்ந்த ஒலிகள் வலுப்பெறுவதால் நம் குரல் நமக்கு மட்டும் கனமாகக் கேட்கிறது. பதிவில் ஒலிப்பது மற்றவர்கள் இத்தனை காலமும் கேட்டுப் பழகிய குரலே என்பதால், அதைப் புதிதாகக் கண்ட குறையாகக் கொள்வதற்கு இடமில்லை.

பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பதைவிட, அதில் மூன்று நிமிடத்தை ஒரு சொல் விடாமல் தாளில் எழுதிப் பார்ப்பது கூடுதலாகக் கற்றுத் தருகிறது என்பது என் பட்டறிவு. ‘எனக்குச் சொல்வளம் போதாது’ என்பதே என்னைப் பற்றி நான் நெடுநாள் கொண்டிருந்த முடிவு. ஒருமுறை அவ்வாறு எழுதியபோது ‘அதாவது’ என்ற சொல் 9 இடங்களில் வந்திருந்தது. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பார்த்ததில், 7 வட்டங்கள் ஒரு கருத்தை முடித்து அடுத்ததற்குத் தாவும் இடங்களில் விழுந்திருந்தன. எடுத்துக்காட்டு சொல்லிய பகுதி முழுவதும் சுத்தமாக இருந்தது. ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிச் செல்வது என்பதை நான் முன்கூட்டி யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மைக் குறை. அகராதியையே மனப்பாடம் செய்திருந்தாலும் அந்த ‘அதாவது’ குறைந்திருக்காது. அறிகுறியையே நோயாக எழுதிக்கொள்ளும் இத்தவறு நெடுங்காலம் கண்ணில் படாமல் இருந்துவிடும். அதனால் செய்கிற பயிற்சியும் வீணாகும்.

பயிற்சி வகுப்புகளிலிருந்து தொற்றும் தவறும் ஒன்று உண்டு. பேச்சின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்ற கணக்கைக் கேள்விப்படாதவர் குறைவு. இது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்தது. ஒருவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்பதையே அவை ஆராய்ந்தன. ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு அதைப் பொருத்திக்கொண்டு, கையசைவுக்கும் நிற்கும் தோரணைக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு, சொன்னது விளங்கியதா என்பதைப் பாராமல் விடுபவர்களைக் கண்டிருக்கிறேன். கேள்வி நேரத்தில் மூன்று பேர் ஒரே ஐயத்தை எழுப்பினால், கையசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும், விளக்கம் போதவில்லை என்பதே பொருள்.

கேட்டவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்பதால் பயன் சிறிதே. ‘நன்றாக இருந்தது’ என்பது மரியாதைக்குச் சொல்லப்படும் விடை. மாறாக, ‘நான் என்ன சொன்னேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்’ என்றும், ‘எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது?’ என்றும் கேட்டால் முகத்துக்காகச் சொல்லும் புகழ்ச்சி தானே விலகிவிடும். மேடைப்பேச்சுப் பயிற்சிக்காக 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் இயக்கத்தின் கூட்டங்களில், பேச்சை மதிப்பிட ஒருவர், நேரத்தைக் கவனிக்க ஒருவர், இட்டு நிரப்பும் சொற்களை எண்ண ஒருவர் எனப் பணியைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒருவரே கவனிப்பது கடினம் என்பதால் இந்த ஏற்பாட்டில் பொருள் இருக்கிறது. பேசியவரே தனியாக அதைச் செய்ய முயல்வது இன்னும் கடினம்.

பலத்தை எழுதும்போது தன்னடக்கம் குறுக்கிடுகிறது. அதனால் பலர் அந்தப் பக்கத்தை ஓரிரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ‘நகைச்சுவை வரும்’ என்று எழுதினால் போதாது. எந்த அவையில், எதைச் சொன்னபோது சிரித்தார்கள் என்று எழுத வேண்டும். ஒரே இயல்பு ஓரிடத்தில் பலமாகவும் வேறோரிடத்தில் பலவீனமாகவும் மாறும் என்பதையும் அப்போதுதான் காண முடியும். குறிப்பில்லாமல் பேசும் ஆற்றல் முப்பது பேர் கொண்ட அறையில் உரையாடலின் இயல்பைத் தருகிறது. பத்து நிமிட வரம்புள்ள மேடையில் அதே ஆற்றல் பேச்சைப் பதினேழு நிமிடத்துக்கு இழுத்துச் சென்று, அடுத்துப் பேச வேண்டியவரின் நேரத்தை விழுங்குகிறது.

கண்டறிந்த குறைகள் அனைத்தையும் அடுத்த பேச்சிலேயே திருத்த முனைவதும் தவறே. பேசும்போது ஐந்து விதிகளை நினைவில் வைத்திருப்பவர் கேட்பவர்களைப் பார்க்க மறந்துவிடுகிறார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் கைக்கு அகப்படும் சொற்களில் எழுதப்பட்ட ஒன்றாக. ‘இரண்டாம் கருத்திலிருந்து மூன்றாவதற்குச் செல்லும் வாக்கியம் ஆயத்தமாக இல்லை’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வாக்கியத்தை எழுதி, உரக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம். ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று எழுதி வைத்தவருக்கு அந்த அரை மணியில் செய்வதற்கு எதுவும் இருக்காது.