இடித்தவர் போய்விட்டார், பில் நம் கையில்: கார் விபத்துக்குப் பின் செய்யக்கூடாதவை

இரண்டு வாரம் முன்பு ஒரு தம்பி புது காரோடு எங்கள் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு வேன் இடித்திருக்கிறது. "அண்ணே, என் மேல தப்பே இல்ல, அங்கேயே அஞ்சாயிரம் வாங்கிட்டேன், பம்பருக்கு பெயிண்ட் அடிச்சா போதும்" என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி. பம்பரைக் கழற்றினோம். உள்ளே இருக்கிற இரும்புச் சட்டம் வளைந்து, பின் பேனல் உள்வாங்கி, டிக்கியின் தரையில் மடிப்பு விழுந்திருந்தது. எஸ்டிமேட் தாளைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. ஏனென்றால் இதே தவறை 2014-ல் நான் செய்திருக்கிறேன், அதுவும் இந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டே.

திருச்சியில் பாடி ஷாப் அட்வைசராக இருக்கிறேன், நாள் முழுக்க இன்ஷூரன்ஸ் கிளெய்ம்தான் வேலை. போட்டோ எடு, நம்பரைக் குறித்துக்கொள், சண்டை போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108, அப்புறம் போலீஸ், அங்கே காசுப் பேச்சே கிடையாது. நான் சொல்ல வருவது வண்டிக்கு மட்டும் சேதமாகி, தப்பும் எதிராளியுடையதாக இருக்கும்போது நடக்கிற கோளாறுகள். "நம்ம மேல தப்பு இல்ல" என்கிற தைரியத்தில்தான் ஆட்கள் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

பம்பரைக் கழற்றாமல் காசு பேசி முடிப்பது

என் கதையைச் சொல்கிறேன். சமயபுரம் டோல்கேட் வரிசையில் அப்பாவின் வேகன்ஆர் நிற்கிறது, ஓட்டியது நான், பக்கத்தில் அப்பா. பின்னால் வந்த மினி லாரி பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து முட்டியது. இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு கீறல், ஒரு ஓரத்தில் கிளிப் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். லாரி ஓட்டிய பையனுக்கு இருபது இருபத்தொரு வயசு இருக்கும், "அண்ணே, முதலாளி சம்பளத்துல பிடிச்சிடுவாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அப்பா "என்னடா செய்யலாம்?" என்று என்னைத்தான் கேட்டார், ஏனென்றால் கார் வேலை பார்க்கிறவன் நான்தானே. "மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கலாம்பா, போதும்" என்றேன். பின்னால் பிரச்சினை வருமோ என்று அவன் பயந்ததால் ஒரு தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: இருதரப்பும் பேசி முடித்துக்கொண்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று.

பதினைந்து நாள் கழித்து ஒரு மழை. மறுநாள் காருக்குள் ஈர வாடை. டிக்கி மேட்டைத் தூக்கினால் ஸ்டெப்னி குழிக்குள் தண்ணீர் நிற்கிறது. பம்பரைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, பின் பேனல் உள்ளே போய், வெல்டிங் ஓரத்தில் இருந்த சீலண்ட் பிளந்து, தரைத்தகடு மடிந்திருந்தது. எஸ்டிமேட் 41,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அப்போதுதான் தகவல் சொன்னோம், விபத்து நடந்து 19 நாள் கழித்து. ஏன் தாமதம் என்று கேட்டார்கள், எதிராளியிடம் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டார்கள், அந்தத் தாளின் போட்டோவையும் நான் மறைக்காமல் கொடுத்தேன். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. கம்பெனி சம்மதம் இல்லாமல் எதிராளியோடு எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது, எந்த வாக்குறுதியும் கொடுக்கக்கூடாது என்று பாலிசி நிபந்தனைகளிலேயே இருக்கிறது. நாம் கணக்கை முடித்துவிட்டால் கம்பெனி பிறகு அந்த ஆளிடம் போய்க் கேட்கிற வழியையும் அடைத்துவிடுகிறோம்.

அந்தக் காசு போனதைக்கூட மறந்துவிட்டேன். தினம் நாலு பம்பர் கழற்றுவதைப் பார்க்கிற நான் அன்றைக்கு வெளியே தெரிந்த கீறலை மட்டும் பார்த்து விலை சொன்னேன் என்பதும், அப்பா என் வார்த்தையை நம்பி ஒரு கேள்வி கேட்காமல் வண்டியில் ஏறினார் என்பதும் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் "அங்கேயே பேசி வாங்கிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போதைய கார்களில் நாம் பம்பர் என்று சொல்வது ஒரு பிளாஸ்டிக் உறைதான். அடி வாங்கும்போது உள்ளே போய், திரும்பத் தன் வடிவத்துக்கே வந்து நிற்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற இரும்புச் சட்டமும் தகடும் திரும்பி வராது. தனி சேஸிஸ் இல்லாமல் பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிற வண்டிகள் இவை, பின்னால் விழுந்த அடி கதவு இடுக்கு வரைக்கும் போய்த் தெரியும். சாலையிலேயே ஐந்து நிமிடத்தில் ஓரளவு பார்த்துவிடலாம்: டிக்கியைத் திறந்து மூடுங்கள், சத்தம் மாறியிருக்கிறதா? இடது வலது இடைவெளி ஒரே அளவா? மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துவிட்டுத் தரையில் மடிப்போ, பெயிண்ட் உதிர்ந்த கோடோ இருக்கிறதா? முன்பக்க அடி என்றால் பானட்டைத் திறந்து ரேடியேட்டரையும் ஹெட்லைட் பிடித்திருக்கிற இடங்களையும் பாருங்கள். கூலண்ட் ஒழுகினால் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், ஒழுகுகிற வண்டியை ஓட்டி இன்ஜின் போனால் அது விபத்துச் சேதத்தில் வராது என்று சொல்லிவிடுவார்கள்.

காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சின்ன அடிக்கு அதுதான் லாபம், ஏன் என்று கீழே கணக்கு இருக்கிறது. ஆனால் ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு, எம்பரிவாகன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "வண்டியைக் கழற்றி எஸ்டிமேட் வந்ததும் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே உங்கள் கம்பெனிக்கு போன் செய்து தகவல் பதிவு செய்யுங்கள். தகவல் சொன்னதாலேயே, கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) போய்விடாது, கிளெய்ம் தொகை வாங்கினால்தான் போகும், எஸ்டிமேட் சின்னதாக இருந்தால் கிளெய்மை விலக்கிக்கொள்ளலாம்.

"அவங்க இன்ஷூரன்ஸ்தானே கட்டணும்" என்று காத்திருப்பது

நியாயப்படி சரி. நடைமுறையில் இடித்தவரின் கம்பெனிக்கு நீங்கள் போன் செய்தால் உங்கள் வண்டிக்கு, சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வரமாட்டார். அடுத்தவருக்கு ஏற்படுத்துகிற சேதத்துக்காக அவர் வைத்திருக்கிற தேர்ட் பார்ட்டி பாலிசியில் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இடம் உண்டு, இடித்தது கார் என்றால் 7.5 லட்சம் வரை. ஆனால் அதற்கான வழி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். எஃப்.ஐ.ஆர். வேண்டும், வக்கீல் வேண்டும், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டம், அப்புறம் வாய்தா. வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் நம் ஊர் ஸ்டேஷனில் பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும். அதையாவது வாங்கி வையுங்கள்.

அதனால் பெரிய சேதம் என்றால் உங்கள் சொந்தப் பாலிசியின் ஓ.டி. (ஓன் டேமேஜ், அதாவது சொந்த வண்டிச் சேதம்) பகுதியில் கிளெய்ம் செய்து வண்டியைச் சரி செய்துகொள்ளுங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கதவு கிடையாது, அவர்களுக்குத் தீர்ப்பாயம்தான், அல்லது எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியிடம் பேசுவது.

இங்கே கணக்குப் போடாமல் இறங்குவதும் தவறுதான். தப்பு யாருடையது என்று என்.சி.பி. பார்க்காது. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுகிற தள்ளுபடி, ஒரே கிளெய்மில் பூஜ்யத்துக்கு வரும், போனஸைக் காக்கிற ஆட்-ஆன் இருந்தால் தவிர. தள்ளுபடிக்கு முன் உங்கள் ஓ.டி. பிரீமியம் 12,000, இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த ஐந்து வருடம் 45, 50, 50, 50, 50. செய்தால் 0, 20, 25, 35, 45. பிரீமியம் மாறாது என்று வைத்தால் வித்தியாசம் மொத்தம் 14,400 ரூபாய். இதோடு ஒவ்வொரு கிளெய்மிலும் உங்கள் பங்காகக் கழிக்கிற கட்டாயப் பிடித்தம் 1,500 சிசி வரை 1,000, அதற்கு மேல் 2,000. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி உங்கள் தலையில், இரும்புத் தகட்டிலும் வண்டியின் வயசுக்கு ஏற்றபடி கழிப்பார்கள், மூன்றிலிருந்து நான்கு வருட வண்டிக்கு 25 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. ஆக 10,000 ரூபாய் வேலைக்கு கிளெய்ம் செய்வது நஷ்டம், 60,000 ரூபாய் வேலைக்குச் செய்யாமல் இருப்பது நஷ்டம்.

இடித்தவரிடம் பிறகு என்ன கேட்பது? ஒரே செலவுக்கு இரண்டு பக்கமும் காசு வாங்கக்கூடாது. ஆனால் பிடித்தம், கழிவு என்று உங்கள் கையை விட்டுப் போன தொகை இருக்கிறதே, அதைப் பில்லோடு காட்டிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது, பல பேர் கொடுத்தும் இருக்கிறார்கள். அப்படி வாங்குவதாக இருந்தால் உங்கள் கம்பெனியிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

ஓட்டியவர் பெயரை மாற்றிச் சொல்வது

லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான் என்பதற்காக அப்பா ஓட்டினார் என்று எழுதாதீர்கள். அது மோசடி, கிளெய்மும் போகும்.

பழைய அடியையும் சேர்த்துப் போடுவது

சர்வேயருக்குத் துருவும் தெரியும், புது அடியும் தெரியும். கேட்காதீர்கள்.

சர்வேக்கு முன்னால் வேலையை ஆரம்பிப்பது

அவசரத்தில் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் கழற்றி, டிங்கரிங் தட்டி, பட்டி போட்டுவிட்டு அப்புறம் கிளெய்ம் என்று வருகிறார்கள். பார்க்க வேண்டிய சேதமே அங்கே இல்லை. முதல் சர்வே வெளிச்சேதத்துக்கு. கழற்றியபின் உள்ளே ஏதாவது தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு சர்வேயரைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டாவது எஸ்டிமேட் சேர்க்க வேண்டும். உங்கள் அட்வைசரிடம் "கழற்றினதும் எனக்கு போட்டோ அனுப்புங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்ன வண்டிக்கு எங்கள் ஆட்களும் கூடுதல் கவனமாகத்தான் இருக்கிறார்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். குறைத்துப் போட்டிருப்பதாகத் தோன்றினால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் இருக்கிற இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைகேட்பு அதிகாரியிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 2014-ல் இதைக்கூட நான் முயற்சி செய்யவில்லை, என் கையெழுத்திலேயே தாள் இருக்கிறதே என்று ஒதுங்கிவிட்டேன்.

டெலிவரியில் சாயங்காலம் வண்டி எடுப்பது

திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனியே ஒர்க் ஷாப்புக்கு நேராகக் கட்டுகிற கேஷ்லெஸ் பில் முடியும், அதனால் ஆறு மணிக்குக் கூப்பிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். பெயிண்ட் கலர் வெயிலில்தான் தெரியும், புதுப் பேனலுக்கும் பழைய கதவுக்கும் நடுவே ஒரு அடி தள்ளி நின்று சாய்வாகப் பாருங்கள். விரலால் இடைவெளிகளைத் தடவிப் பாருங்கள். மாற்றியதாக பில்லில் இருக்கிற பாகம் உண்மையிலேயே புதிதா என்று பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணைகிறதா, ரிவர்ஸ் சென்சார் சத்தம் தருகிறதா, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

பின்பக்கம் வேலை செய்த வண்டி என்றால் டிக்கியை மூடி, மேலே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது.

அந்தத் தம்பி நல்லவேளையாக எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. விபத்து நடந்த மறுநாளே வந்ததால் அங்கேயே உட்காரவைத்து கம்பெனிக்கு போன் போடச் சொன்னேன், வாங்கிய ஐயாயிரத்தையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். சர்வேயர் வந்து பார்த்து, அந்த ஐயாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு அப்ரூவல் கொடுத்தார். பின் பேனல் புதிதாகப் போட்டாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு டெலிவரி. நாலு பக்கெட்டையும் நானே ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன்.