பிரெய்டு போடுறவங்களுக்கு: லீடர் நீளத்த எப்படி முடிவு பண்றது

பிரெய்டுக்கு, அதாவது பின்னுன தூண்டில் லைனுக்கு, புதுசா மாறுனவங்க மொதல்ல கேக்குறது லீடர், அதாவது பிரெய்டோட முனையில கட்டுற வேற லைன் துண்டு, எத்தன அடி விடணும்ங்கறதுதான். நானும் ரொம்ப நாள் ரெண்டு அடின்னு ஒரே கணக்க வச்சிகிட்டு விரால் குளத்துக்கும் அதே, கடலுக்கும் அதேன்னு போட்டுட்டு இருந்தேன். அப்புறம் எண்ணூர் பக்கம் ஒரு தூண்டில் வளைவு (அலைய தடுக்க கடலுக்குள்ள கொட்டுன கல்லு வரிசை) கல்லு மேல நின்னு லூர் (போலி இரை) போட்டப்ப ஒரு நல்ல கொடுவா ஏறுச்சு, ரெண்டு தடவ தண்ணிக்கு மேல எகிறி தலைய ஆட்டுச்சு, மூணாவது தடவ எகிறல, நேரா கல்லுக்கு அடியில ஓடுச்சு. ராடு வழியா கைக்கு ஒரு கரகரப்பு வந்துது, அடுத்த செகண்டு லைன் லேசாயிடுச்சு. சுத்தி எடுத்து பாத்தா லீடர் முழுசா போயிருக்கு, பிரெய்டோட முனை பஞ்சு திரிச்ச மாதிரி பிரிஞ்சு நிக்குது. அதாவது லீடர் கல்லுல தேஞ்சு அறுந்து போகல, லீடர் முடிஞ்ச எடத்துக்கு மேல இருந்த பிரெய்டுதான் கல்ல தொட்டிருக்கு. இன்னும் ஒரு முழம் லீடர் இருந்திருந்தா அந்த மீன் கரைக்கு வந்திருக்கும்னு இப்பவும் நம்புறேன்.

அதனால நீளத்த கேக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த கேளுங்க. மீன் ஓடுறப்ப லைன் எது மேல உரசும், எவ்ளோ தூரத்துக்கு உரசும்? காஸ்ட் பண்றப்ப, அதாவது எறியறப்ப, பிரெய்டையும் லீடரையும் சேக்குற முடிச்சு எங்க நிக்கும்? இது ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா நீளம் தானா வந்துடும்.

நான் அளக்க டேப்லாம் எடுத்துட்டு போறதில்ல, சாண், முழம், பாகம்தான். கைய ரெண்டு பக்கமும் முழுசா விரிச்சா ஒரு பாகம், சுமாரா 6 அடி. கடல்காரங்க ஆழம் சொல்றதே இந்த கணக்குலதான், ராத்திரி இருட்டுல கூட கை தப்பா அளக்காது.

லீடர் எதுக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். பிரெய்டு பாலிஎத்திலீன் இழைய பின்னி செய்யறது, அதே கனத்துக்கு தங்கூஸ (ஒத்த இழை நைலான் லைன) விட பல மடங்கு பலம், ஆனா இழுவையில இருக்கறப்ப சிப்பி, கொட்டலசு, கல்லு முனை எது லேசா பட்டாலும் போச்சு. ஒவ்வொரு இழையும் முடிய விட மெல்லிசு இல்லயா, ஒன்னு ஒன்னா அறுந்துட்டே வரும். ரெண்டாவது, பிரெய்டு நீளாது, நைலான் நீளும், மீன் பக்கத்துல வந்து திடீர்னு தலைய ஆட்டுறப்ப அந்த அதிர்ச்சிய வாங்கிக்க ஏதாவது வேணும். மூணாவது, பிரெய்டு துணி நூல் மாதிரி தொளதொளன்னு இருக்கறதால லூரோட முள்ளுல போயி சுத்திக்கும், லீடர் வெறப்பா இருக்கறதால சுத்தாது. மீன் கண்ணுக்கு தெரியாம இருக்கறதுக்குத்தான் லீடர்னு நெறைய பேர் நினைக்கறாங்க, அது கடைசி காரணம், கலங்கல் தண்ணியில அந்த காரணமே கிடையாது.

இப்ப முடிச்சு விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். லூர் போடுறப்ப முடிச்சு நிக்க ரெண்டு எடம்தான் நல்லது. ஒன்னு, ராடு டிப்புக்கு (நுனிக்கு) வெளிய. இன்னொன்னு, கைடுக்குள்ள (ராடுல லைன் போற வளையத்துக்குள்ள) நுழைஞ்சு ரீலுக்குள்ளயே போயிடறது. ரெண்டுக்கும் நடுவுல, முடிச்சு டிப்புல பாதி வெளிய பாதி உள்ள நிக்கற மாதிரி ஒரு நீளம் வச்சா அதுதான் மோசம், ஒவ்வொரு காஸ்ட்டுக்கும் டிப்பு வளையத்துல அடி வாங்கும், சுத்தி வர்றப்ப டிக்குனு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் கேட்டா நீளம் சரியில்லன்னு அர்த்தம்.

புதுசா ஆரம்பிக்கறவங்க முடிச்ச வெளியவே வைங்க. காஸ்ட்டுக்கு லூர டிப்புல இருந்து ஒன்றரை முழம் தொங்க விடுவோம், அப்ப லீடர் ஒன்றரை முழத்துக்கு கொஞ்சம் கம்மி, அதாவது 2 அடி. இதுக்கு டபுள் யூனி முடிச்சு போதும், கைடுக்குள்ள போகவே போறதில்லங்கறதால முடிச்சு தடியா இருந்தாலும் பரவால்ல. முட்டுக்காடு, கோவளம் மாதிரி கழிமுகத்துல மணல் தரையா இருக்கற எடத்துல, பெரிய கல்லு இல்லாத எடத்துல, இந்த 2 அடி நல்லா வேல செய்யும்.

கல்லு, பாலம், சதுப்புக்காட்டு வேர்னு எங்க இருந்தாலும் 2 அடி பத்தாது, ஒரு பாகமாவது விடுங்க. அப்ப முடிச்சு கைடு வழியா போயே ஆகணும், அதுக்கு எஃப்ஜி முடிச்சு கத்துக்கறத தவிர வேற வழி இல்ல. இதுல லீடர மடிக்கவே மாட்டோம், நேரா நிக்கற லீடர் மேல பிரெய்டு மாத்தி மாத்தி ஒரு 20 சுத்து பின்னிகிட்டு போகும், அதனால முடிச்சு ஒல்லியா இருக்கும், கைடுல தட்டாது. பிரெய்டு இழுவையிலயே இருக்கணும், தளர விட்டா மொத்தமும் வழுக்கிடும். ரெண்டு சுத்து ஒன்னு மேல ஒன்னு ஏறிட்டா கலைச்சுட்டு மறுபடி ஆரம்பிங்க, அப்படியே விட்டா நல்ல மீன் வர்றப்பதான் வழுக்கும். முடிச்சுட்டு எச்சில் தொட்டு ஈரமாக்கி ரெண்டு பக்கமும் மெதுவா இழுத்தா பிரெய்டோட கலர் சட்டுனு கொஞ்சம் அடர்த்தியா மாறும், சுத்து எல்லாம் லீடருக்குள்ள அழுந்தி கடிச்சுகிச்சுன்னு அதுதான் அடையாளம். அந்த கலர் மாறலன்னா முடிச்சு இன்னும் பிடிக்கல. இழுக்கறப்ப பிரெய்ட வெறுங்கையில சுத்தி இழுக்காதீங்க, வெரல எலும்பு வரைக்கும் வெட்டும், கையுறை போடுங்க இல்லன்னா ஒரு கட்டைல சுத்தி இழுங்க. வீட்ல ஒக்காந்து முப்பது நாப்பது தடவ கட்டி பழகிட்டு போங்க, கடக்கரை காத்துல போயி கத்துக்கவே முடியாது.

கடக்கரையில ஈயம் கட்டி தூரமா எறியறவங்களுக்கு கணக்கே வேற. இங்க லீடர் மீனுக்காக மட்டும் இல்ல, நம்ம பாதுகாப்புக்கும்தான். 100 கிராம் ஈயத்த 12 அடி ராடுல முழு பலத்தோட வீசுறப்ப பிரெய்டு அறுந்துச்சுன்னா அந்த ஈயம் குண்டு மாதிரி பறக்கும், பக்கத்துல குளிக்கறவங்க, வலை இழுக்கறவங்க இருப்பாங்க, தயவுசெஞ்சு இத விளையாட்டா எடுத்துக்காதீங்க. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு, அதாவது 28 கிராமுக்கு, 10 எல்பி (பவுண்டு, லைன் தாங்குற பளு) லீடர்ங்கறது பழைய கணக்கு, 100 கிராமுக்கு 35, 40 எல்பி வரும். நீளம் எவ்ளோன்னா, டிப்புல இருந்து ஈயம் தொங்குற தூரம் 4, 5 அடி, டிப்புல இருந்து ரீல் வரைக்கும் சுமாரா 10 அடி, அப்புறம் ரீல்ல அஞ்சு சுத்து, பெரிய ரீல்னா அதுக்கு ஒரு 3 அடி. மொத்தம் 18 அடி, மூணு பாகம். எறியறப்ப வர்ற முழு பளுவையும் அந்த அஞ்சு சுத்துல இருக்கற லீடர்தான் தாங்கணும், பிரெய்டு மேல விழக்கூடாது. முடிச்சு ஸ்பூலோட (ரீல்ல லைன் சுத்தியிருக்கற உருளையோட) அடிப்பக்கமா போயி நிக்கற மாதிரி சுத்துங்க, லிப்புகிட்ட (முன் விளிம்புகிட்ட) நின்னா வெளிய போற லைன் அதுல மாட்டி சிக்கிக்கும்.

மீனோட நீளத்தையும் பாக்கணும். பெரிய பாறை, கெளுத்தி மாதிரி மீனு நமக்கு முதுக காட்டி ஓடுறப்ப லைன் அதோட ஒடம்பு மேல, வால் மேல உரசிகிட்டே இருக்கும். மீன் 3 அடின்னா லீடர் குறைஞ்சது நாலரை அடி. கொடுவாவுக்கு செவுள் மூடி கத்தி மாதிரி, அங்க நீளத்த விட தடிமன்தான் கை குடுக்கும், 40 எல்பிக்கு கீழ போகாதீங்க.

தண்ணி தெளிவ பத்தி கேப்பீங்க. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்ச கையோட ஆத்து முகத்துவாரம் எல்லாம் டீ கலர்ல ஓடும், அப்ப லீடர நீட்டுறதால ஒரு பிரயோஜனமும் இல்ல. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் அலை இல்லாத நாள்ல தரை தெரியற அளவுக்கு தெளிஞ்சிருக்கும், அங்க ஒரு பாகத்துக்கு கம்மியா விட மாட்டேன், ஃப்ளோரோகார்பன்தான் (தண்ணியில கம்மியா தெரியற இன்னொரு வகை லைன்) போடுவேன். ஃப்ளோரோகார்பன் ஒளிய வளைக்கற அளவு 1.42, தண்ணிக்கு 1.33, நைலானுக்கு 1.53 பக்கம். தண்ணிக்கு நெருக்கமா இருக்கறதால கம்மியா தெரியும், ஆனா மறைஞ்சே போயிடும்னு சொல்றத நம்பாதீங்க. இன்னொன்னு, மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவும் 1986லயே தேசிய பூங்காவா அறிவிச்ச எடம், அங்க தூண்டிலோட போகாதீங்க.

ஃப்ளோரோகார்பன் தண்ணிய விட கனம், முங்கும். பாப்பர் மாதிரி மேல ஓடுற லூருக்கு ஒரு பாகம் ஃப்ளோரோ கட்டுனா அது லூரோட மூக்க கீழ இழுத்துடும், தண்ணி தெறிக்கற அழகே போயிடும். அங்க தங்கூஸ் போடுங்க, விலையும் கம்மி.

விராலுக்கு நான் லீடரே போடறதில்ல. வெங்காயத்தாமரை, கோரைக்குள்ள தவளை லூர் போடுறப்ப முடிச்சு இருந்தாலே பாசி வந்து கொத்தா மாட்டும், 40, 50 எல்பி பிரெய்ட நேரா லூர்லயே பாலோமர் முடிச்சு போட்டு கட்டிடுவேன். செடிய அறுத்துகிட்டு வர்றதுக்கு பிரெய்டுதான் லாயக்கு. திறந்த தண்ணின்னா ஒரு முழம் தங்கூஸ் போதும். குஞ்சு கூட்டம் செவப்பா மேல வந்து வந்து போச்சுன்னா தாய் விரால் பக்கத்துலயே காவல் நிக்கும், அத பிடிச்சுட்டா மொத்த கூட்டமும் மத்த மீனுக்கு இரையாயிடும், அந்த எடத்த விட்டுட்டு தள்ளி போங்க.

பல்லு மீனுக்கு, அதாவது வஞ்சிரம், வாளை, தெக்க ஊளின்னும் சென்னையில ஷீலான்னும் சொல்ற மீன், லீடர எவ்ளோ நீட்டுனாலும் வெட்டிடும், லூர் பக்கத்துல ஒரு சாண் ஒயரு வேணும். ஒயருக்கும் லீடருக்கும் நடுவுல சுவிவல் (சுழலுற இணைப்பு வளையம்) இருந்தா அது டிப்புக்குள்ள போகாதுன்னு ஞாபகம் வைங்க, வேகமா சுத்தி டிப்பு வளையத்துல மோதுனா உள்ள இருக்கற செராமிக் தெறிச்சுடும், அப்புறம் அந்த வளையமே பிரெய்ட அறுக்கும்.

லீடர் நாள் பூரா அதே நீளத்துல இருக்காது. லூர் மாத்துற ஒவ்வொரு தடவையும் நாலு வெரக்கடை போயிடும், காலைல 3 அடியில ஆரம்பிச்சது மத்தியானம் ஒன்றரை அடியில நிக்கும், நாமளும் கவனிக்காம எறிஞ்சுகிட்டே இருப்போம். அதனால தேவைக்கு மேல ஒரு முழம் சேத்தே ஆரம்பிங்க, முடிச்சு டிப்புல தட்டுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லூர்ல இருந்து முடிச்சு வரைக்கும் கட்டவெரல் நகத்த லீடர் மேல ஓட்டுங்க, கண்ணுக்கு தெரியாத சொரசொரப்பு நகத்துக்கு தெரியும், ராத்திரின்னா உதட்டுல ஓட்டுவேன், இன்னும் நல்லா தெரியும். சொரசொரப்பு இருந்தா அந்த எடத்தோட வெட்டிடுங்க, 30 ரூபா லீடருக்கு பாத்து மீன விடாதீங்க.

அறுந்தா கோவத்துல வெட்டி எறியாம முனைய பாருங்க. பிரெய்டு பஞ்சு மாதிரி பிரிஞ்சிருந்தா கல்லுல உரசியிருக்கு, லீடர் நீளத்த கூட்டுங்க. லீடர் முனை பிளேடுல வெட்டுன மாதிரி சுத்தமா இருந்தா பல்லு, ஒயரு கட்டுங்க. பன்னி வால் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு வழுக்கியிருக்கு, நீளத்துல எந்த தப்பும் இல்ல, முடிச்ச நிதானமா ஈரம் பண்ணி மறுபடி கட்டுங்க.