ஆர்ஓ தண்ணி ஊத்தியும் ஸ்பாக்னம் மாஸ் கருகுச்சு, காரணம் இதுதான்

பெங்களூர்ல எங்க வீட்டு பால்கனில உயிருள்ள ஸ்பாக்னம் மாஸ் (சதுப்பு நிலத்துல வளர்ற ஒரு வகைப் பாசி) வளக்குறேன், வாங்குனப்ப பச்சைப் பசேல்னு இருந்துச்சு, மூணே வாரத்துல நட்சத்திரம் மாதிரி இருக்குற தலைங்க ஒண்ணொண்ணா நுனி பழுத்துக் கருக ஆரம்பிச்சுது. அடில ஈரம் நல்லாத்தான் இருந்துச்சு.

வெயில்தான் காரணம்னு நெனச்சு உள்ள தள்ளி வச்சேன், வெளுத்து நெட்டையா வளந்துச்சு. காத்துல காயுதோன்னு மூடி போட்டேன், பூஞ்சை வந்துச்சு. போர் தண்ணி ஆகாதுன்னு தெரிஞ்சு மொதல்லேருந்தே ஆர்ஓ தண்ணிதான் ஊத்துனேன், அதனால தண்ணிய சந்தேகப்படவே இல்ல.

ட்ரே ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு, நகத்தால சுரண்டுனா சுண்ணாம்பு மாதிரி உதிருது. உப்பை வடிகட்டி எடுத்த ஆர்ஓ தண்ணில இது எப்படி வரும்? தண்ணில கரைஞ்சிருக்குற உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சா 120. குடிக்க ருசியா இருக்கணும்னு மெஷின்லயே மினரல் திரும்பக் கலக்குற மாதிரி செட் பண்ணிருக்காங்க! ஸ்பாக்னத்துக்கு 50க்குக் கீழ இருந்தாதான் நல்லது, கால்சியம் சேந்தா தாங்காது.

டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்குனேன், மீட்டர்ல 3. மேலேருந்து ஊத்தி வடியவிட்டு மூணு தடவை அலசி, ட்ரேல தேங்குனதக் கொட்டிட்டேன். இப்ப மழைத்தண்ணியும் புடிக்கிறேன், மொட்டைமாடி சிமெண்ட்ல ஓடி வர்றது வேணாம், நேரா பக்கெட்ல விழுறது மட்டும். கருகுன தலை திரும்பப் பச்சையாகல, ஆனா அஞ்சு வாரத்துல தண்டோட பக்கத்துலேருந்து புதுசா குட்டிக் குட்டித் தலை வந்துருச்சு.